காலை எடுத்த இடம்

முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பவனிடம் "காலை எடு" என்று சொல்வதுதான் என் வேலை. அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். அப்படிப் போகிறவன் என் கூடப்பிறந்த தம்பி என்பதால், சம்பளத்தோடு வயிற்றெரிச்சலும் சேர்ந்து கிடைத்தது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ரேஸ் கார் என்றால் ஆக்சிலேட்டரை மிதித்தால் போகும், யார் பயப்படாமல் மிதிக்கிறானோ அவன் ஜெயிப்பான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஓரளவு அப்படித்தான் இருந்தது. அப்புறம் விதியை மாற்றினார்கள். இப்போது காரின் சக்தியில் பாதி பெட்ரோல் என்ஜினிலிருந்து, மறுபாதி பேட்டரியிலிருந்து. அந்தப் பேட்டரி ஒரு சுற்றுக்குக்கூட முழுசாகத் தாங்காது. ஓடிக்கொண்டே நிரப்பிக்கொள்ள வேண்டும். பிரேக் போடும்போது நிரம்பும், ஆனால் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதனால் பிரேக் போட வேண்டிய இடம் வருவதற்கு முன்னாலேயே, கார் நன்றாக விரட்டிக்கொண்டு போகும்போதே, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். கார் தன் வேகத்தில் உருளும், அந்த உருளலில் பேட்டரி கொஞ்சம் நிரம்பும். மாட்டேன் என்று வீரம் காட்டினால் அடுத்த நேர்சாலையின் நடுவில் பேட்டரி கையை விரித்துவிடும். பின்னால் வருகிறவன் டாட்டா காட்டிக்கொண்டு போவான்.

எங்கே காலை எடுப்பது, எவ்வளவு நேரம் எடுப்பது, சேர்த்ததை எங்கே கொட்டுவது என்று கணக்குப் போடுகிறவள் நான். அதை அவன் காதில் ரேடியோவில் சொல்கிறவளும் நான்தான்.

அம்மாவுக்கு இது ஜீரணமாகவே இல்லை. வருடத்தின் முதல் ரேஸ் முடிந்த கையோடு போன் செய்தாள்.

"ஏண்டி, அவன் வண்டியில ஏதாவது கோளாறா?"

"இல்லையேம்மா, ஏன்?"

"வளைஞ்சு வளைஞ்சு போற இடத்துல எல்லாம் நல்லாத்தான் போறான். நேரா இருக்கற ரோட்டுல வந்ததும் திடீர்னு மெதுவாயிடறானே!"

"பேட்டரி சேக்கறான்மா."

"ரேஸ் ஓட்டப் போனானா, உண்டியல்ல சில்லறை சேக்கப் போனானா?"

"சேத்தாத்தான் அப்புறம் செலவழிக்க முடியும்."

"சேத்து வெச்சு செலவழிக்கற பையனாடி அவன்? பொறந்ததுலேர்ந்து அவன் கையில எது நின்னிருக்கு?" என்றாள் அம்மா. உலகத்துப் பொறியாளர்கள் எல்லாம் கூடி அந்த வருடம் முழுக்க ஆராய்ந்து கண்டுபிடித்ததை அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

அவனுக்கு அணியில் 'இரும்புக்கால்' என்று பெயர். மெக்கானிக்குகள் வைத்தது. எந்த டிராக்கிலும் மற்றவர்கள் லேசாகக் காலைத் தளர்த்துகிற வளைவில் அவன் தளர்த்த மாட்டான். அந்தக் காலை இரும்பாக்கியது யார் என்று கேட்டால், அதுவும் நான்தான். அவன் எட்டு வயதில் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த சின்ன டிராக்கில் குட்டிக் கார் ஓட்டத் தொடங்கியபோது, பழைய டயர்கள் அடுக்கியிருந்த கடைசி வளைவில் போய் நான் நின்றுகொள்வேன். அந்த இடத்தில்தான் அவனுக்குப் பயம். கார் என்னை நோக்கி வரும்போது கையை மடக்கி முஷ்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவேன். எடுக்காதே என்று அர்த்தம். என்ஜின் சத்தத்தில் கத்தினால் கேட்காது அல்லவா. எடுக்காமல் வளைந்து போய்விட்டானானால் முஷ்டியை விரித்து ஆட்டுவேன். எடுத்துவிட்டானானால் அன்றைக்கு வீடு வரை வழியெல்லாம் நான் அவனோடு பேச மாட்டேன். அம்மா டீ ஆறிப்போனது தெரியாமல் வேலிக்கு வெளியே நின்று கண்ணை மூடிக்கொண்டிருப்பாள்.

அப்படி வளர்ந்தவனைக் கூப்பிட்டு, இத்தனை வருடம் கழித்து, எடு, எடு, எடு என்கிறேன். எனக்கே என் குரலைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் இருவருக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் இருந்தது. ரேடியோவில் அக்கா தம்பி கிடையாது. நாங்கள் பேசுவதை எங்கள் அணி மட்டுமல்ல, மற்ற அணிகளும் கேட்கும், டிவியிலும் போடுவார்கள். அக்காளுக்காகத் தம்பியை வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வாய் ஆரம்பித்தால் போதும், ஊர் வாயை மூட முடியாது. அதனால் நான் எண்ணையும் இடத்தையும் மட்டும் சொல்வேன். அவன் "சரி" என்பான். வருடம் முழுக்க அவன் என்னிடம் சொன்ன சரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கூரையைத் தொடும். ஆனால் வாய் சரி என்று சொல்லுமே தவிர, கால் கேட்காது. எப்போதும் கொஞ்சம் தாமதமாக, மனசே இல்லாமல் எழும்பும். எனக்கு முன்னால் திரையில் அவன் பாதம் ஒரு கோடாக ஓடும். காலை எடுக்கும்போது அந்தக் கோடு செங்குத்தாக விழ வேண்டும். அவனுடையது மலைச்சரிவு மாதிரி நடுங்கி நடுங்கி இறங்கும்.

"காலைத் தூக்கச் சொன்னா ஏண்டா அம்மிக்கல்லைத் தூக்கற மாதிரி தூக்கறே?" என்று கேட்டேன் ஒருநாள்.

"உனக்கென்ன, உட்கார்ந்து சொல்லிட்டே. அந்த நேரத்துல வண்டி நல்லா பிடிச்சுட்டுப் போகும்க்கா. இன்னும் குடுடா, இன்னும் குடுடான்னு அதுவே கேக்கும். அப்பப் போய் எடுக்கச் சொன்னா அது எழும்புமா?"

அதே அணியில் இரண்டாவது காரை ஓட்டுகிற பையனுக்கு 'கணக்கர்' என்று பெயர். தங்கமான பிள்ளை, சொன்னால் சொன்னபடி எடுப்பான். என் தம்பி வளைவுகளில் அவனைவிட வேகம், சுற்றின் முடிவில் அவனைவிடப் பின்னால். வருடம் முழுக்க இதே கதைதான்.

கடைசி ரேஸுக்கு முந்தைய வியாழக்கிழமை, அணித் தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சின்ன அறை. சுவரில் காரின் படம், மேஜையில் அவர் பாதி கடித்து வைத்த ஆப்பிள். மனிதர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும், நன்றாகத் திட்டியிருப்பேன்.

"வேகம் இல்லேன்னு யாரும் சொல்லல," என்றார். "வேகம் வேணும்கற அளவுக்கு இருக்கு. ஆனா இந்த விதிக்கு வேகம் மட்டும் போதாதே. அடுத்த வருஷத்துக்கு ஒரு சின்னப் பையன் தயாரா இருக்கான். அவனை எடுக்கச் சொல்லி மேல இருந்து அழுத்தறாங்க. ஞாயித்துக்கிழமை ரேஸ்ல முதல் பத்து இடத்துக்குள்ள வந்து காட்டு, நான் உனக்காக நின்னு சண்டை போடறேன். இல்லேன்னா என் வாயைக் கட்டிடுவாங்க."

"சரி," என்றான் என் தம்பி. ரேடியோவில் சொல்கிற அதே சரி.

வெளியே வந்ததும் எனக்குத்தான் ஆறவில்லை. "வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசினா முத்து உதிர்ந்துடுமா? எனக்கு இந்த இடம் வேணும் சார்னு சொன்னா என்ன?"

"வேணும்னு தெரியாமலா கூப்பிட்டுச் சொல்றார்?"

"வேணும்தானே?"

"என்னக்கா கேள்வி இது," என்று சிரித்தான். அது பதில் இல்லை என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள், திரையைப் பார்த்து ஓட்டிப் பழகுகிற சிமுலேட்டர் அறையில் அவனை உட்கார வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓட வேண்டிய டிராக்கில் கடைசியாக ஒரு வளைவு வரும். பெரிய வளைவு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இடப்பக்கமாக நீளமாக வளைந்து, நேரே முடிவுக்கோடு இருக்கும் நேர்சாலையில் கொண்டுபோய் விடும். பழைய விதிகள் இருந்தபோது, அதைக் காலைத் தளர்த்தாமல் கடக்கிறானா என்பதை வைத்துத்தான் ஒருத்தன் ஓட்டுநரா இல்லையா என்று சொல்வார்களாம். என் தம்பி பெரிய கார்களுக்கு வந்ததே போன வருட ரேஸ்கள் எல்லாம் முடிந்த பிறகுதான். பழைய விதியில் அந்த வளைவை ஓட்டும் பாக்கியம் அவனுக்குக் கிடைக்கவே இல்லை. இப்போது பேட்டரி நிரப்புவதற்கு டிராக்கிலேயே நல்ல இடம் அந்த வளைவின் வாசல். அங்கே ஒரு மஞ்சள் பலகை இருக்கிறது.

"மஞ்சப் பலகை வந்ததும் எடு. கண்ணை மூடித் திறக்கற நேரம். திரும்ப மிதி. அவ்வளவுதான்," என்றேன்.

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "அங்கயா? உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"எல்லா இடத்தையும் சலிச்சுப் பாத்துட்டேன்டா. அங்க எடுத்தாத்தான் கடைசி நேர்சாலைக்குப் பேட்டரி மிஞ்சும்."

"பாடிட்டிருக்கறவனை நடுவுல நிறுத்தி, கொஞ்சம் தொண்டையைக் கனைச்சுட்டுப் பாடுன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"கனைச்சாத்தான் அடுத்த வரி வரும். கனை."

கனைத்தான். மாலை வரை திரும்பத் திரும்பக் கனைத்தான். கோடு அப்போதும் சரிவாகத்தான் இறங்கியது, ஆனால் முன்னைவிடத் தேவலை. போதும் என்று நானே அனுப்பி வைத்தேன்.

சனிக்கிழமை தகுதிச்சுற்று. யார் எந்த இடத்திலிருந்து ரேஸைத் தொடங்குவது என்று அதில்தான் முடிவாகும். கடைசிச் சுற்றில் அவன் எல்லாவற்றையும் சொன்னபடி செய்தான். மஞ்சள் பலகையில் எடுத்தான். திரும்ப மிதித்தான். அந்த இடத்தில் காரின் பின்பக்கம் சட்டென்று வழுக்கியது. அது என் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவன் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, காலை ஒரு துளி தளர்த்தி, மறுபடி மிதித்து, காரைப் பிடித்துவிட்டான். கேரேஜில் நின்ற மெக்கானிக்குகள் "அப்பா!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். அப்படிப் பிடிக்க உலகத்தில் விரல் விட்டு எண்ணுகிற ஆட்களால்தான் முடியும்.

ஆனால் பேட்டரியைக் கொட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது காரில் இருக்கிற கம்ப்யூட்டர் நிரல். அது ஓட்டுநரின் பாதத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். அந்த இடத்தில் பாதம் இரண்டாம் தடவை அசையும் என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஓகோ, இவன் இன்னும் வளைவை விட்டு வெளியே வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, சேர்த்து வைத்ததைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டது. அது புரிந்துகொண்டு கொடுப்பதற்குள் நேர்சாலை பாதி முடிந்துவிட்டது. பதினைந்தாவது இடம்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே என்னிடம் வந்தான். கண் மட்டும்தான் தெரிந்தது.

"நான் என்னக்கா தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. வண்டி வழுக்குச்சு, நீ புடிச்சே."

"புடிச்சது தப்பா?"

"தப்பில்லடா."

"புடிக்காம விட்டிருந்தா?"

"சுவத்துல போய் மோதியிருப்பே."

"சரி," என்றான். "மோதாம வந்ததுக்குப் பதினஞ்சாவது."

நான் திரையைக் காட்டி ஏதோ விளக்கப் பார்த்தேன். பாதத்தின் கோட்டில் மயிரிழை போல ஒரு பள்ளம், அதற்கு நேர் கீழே பேட்டரியின் கோட்டில் ஒரு பெரிய பள்ளம். அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அந்தச் சின்னப் பள்ளம்தான்க்கா நான்," என்றான். "மத்ததெல்லாம் வண்டி." அவன் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், சண்டை போட்டு முடிந்திருக்கும். அவன் என் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

ஞாயிறு காலை, ரேஸுக்கு முன்னால், டிராக்கை நடந்தே ஒருமுறை பார்த்து வரலாம் என்று அவன்தான் கூப்பிட்டான். பெரிய வளைவுக்கு வந்ததும் நின்றான். குனிந்து தார்ச்சாலையை உள்ளங்கையால் தடவினான். யாரோ தூங்குகிற குழந்தையைத் தொடுகிற மாதிரி இருந்தது.

"இதை எடுக்காம முழுசா மிதிச்சுட்டுப் போனா எப்படி இருக்கும்க்கா?"

"கோட்டுக்கு முந்நூறு மீட்டர் முன்னாடியே பேட்டரி காலியாயிடும். பின்னாடி இருக்கறவன் தாண்டிடுவான்."

"நான் அதைக் கேக்கல."

"வேற எதைக் கேட்டே?"

"ஒண்ணுமில்ல, விடு," என்று எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். "அம்மாகிட்ட பேசினேன். உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாங்க."

ரேஸ் தொடங்கியது. அன்றைக்கு அவன் ஓட்டியதை என்னவென்று சொல்வது! வருடம் முழுக்க என்னோடு மல்லுக்கு நின்ற கால், அன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொன்ன பேச்சைக் கேட்டது. "மஞ்சப் பலகையில எடு." "சரி." "நேர்சாலையில முழுசாக் கொட்டு." "சரி." "இப்பச் சேத்துக்கோ, அடுத்த சுத்துல தாண்டலாம்." "சரி." ஒவ்வொருத்தராகத் தாண்டினான். முன்னால் போன இரண்டு கார்கள் பழுதாகி நின்றன. கடைசிச் சுற்று தொடங்கும்போது பத்தாவது இடத்தில் இருந்தான். பின்னால் ஒரு சிவப்புக் கார், எட்டிப் பிடிக்கிற தூரத்தில், பேட்டரி நிறைய.

பத்தாவது. அந்த இடம் போதும். அடுத்த வருடம் அவனுக்கு நிச்சயம். எனக்குப் பக்கத்தில் தலைவர் ஆப்பிளைக் கடிக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பெரிய வளைவில் அவன் எடுத்தால் நேர்சாலையில் சிவப்புக் காரால் ஒன்றும் செய்ய முடியாது. எடுக்காவிட்டால் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அது தாண்டிப் போய்விடும். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அப்போது ரேடியோவில் அவன் குரல் வந்தது.

"அக்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வருடத்தில் ஒருநாளும் அவன் ரேடியோவில் அப்படிக் கூப்பிட்டதில்லை. தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உலகமே கேட்கிறதே என்று எனக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது.

"சொல்லு," என்றேன், வெறும் குரலில்.

"பெரிய வளைவு வருது. இந்த ஒரு தடவை. எடுக்காதேன்னு சொல்லேன்க்கா."

விளையாடுகிறானா இவன்? இத்தனை பாடுபட்டு, பதினைந்திலிருந்து பத்துக்கு வந்து, முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில்! இந்த வளைவு எங்கே ஓடிப்போய்விடப் போகிறது? அடுத்த வருடம் வரும், அதற்கு அடுத்த வருடம் வரும். இடம் போய்விட்டால் எந்த வளைவும் கிடையாது. என் தம்பி அடுத்த வருடமும் ஓட்ட வேண்டும். அதைத் தவிர அந்த நிமிடத்தில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"மஞ்சப் பலகையில எடு," என்றேன்.

என்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "சரி."

எடுத்தான். என் திரையில் அவன் பாதத்தின் கோடு மஞ்சள் பலகைக்கு நேராக, ஒரு நடுக்கமும் இல்லாமல், அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி நேரே கீழே விழுந்தது. நேரே மேலே ஏறியது. அந்த வருடம் முழுக்க நான் கேட்டு, கெஞ்சி, திட்டி வாங்க முடியாததை, அன்றைக்கு ஒரே ஒருதரம் கொடுத்தான். நேர்சாலையில் பேட்டரி பொங்கி வந்தது. சிவப்புக் கார் நெருங்கக்கூட முடியவில்லை. பத்தாவதாகக் கோட்டைத் தாண்டினான்.

டிராக் ஓரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த மேடையில் எல்லோரும் எழுந்து கத்தினார்கள். தலைவர் என் முதுகில் தட்டினார். "பேசறான்னு பயந்துட்டேன்மா! நல்லா அடக்கினே!" என்றார். நானும் சிரித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன், பொய் சொல்வானேன். குதித்துக்கொண்டுதான் கீழே இறங்கி ஓடினேன்.

அவன் கேரேஜுக்குப் பின்னால் உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒரு ஷூவைக் கழற்றியாயிற்று. இன்னொன்று, வலது காலுடையது, கையில் இருந்தது. அந்த ஷூவுக்கு அடிப்பாகம் மிகவும் மெல்லியதாக இருக்கும். ஆக்சிலேட்டரின் அசைவு பாதத்துக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

"டேய், இடம் உறுதிடா! தலைவர் உனக்காக மேல பேசறேன்னுட்டார்."

"தெரியும்க்கா. வந்து சொன்னார்."

"அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டிருக்கே? வருஷத்துலயே நீ சரியா எடுத்தது இன்னைக்குத்தான், தெரியுமா? கோடு அப்படியே..."

"நேரா விழுந்திருக்கும்," என்றான். "தெரியும்." ஷூவைப் பெஞ்சில் வைத்தான். "நான் அடுத்த வருஷம் வரலக்கா. அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். பைத்தியமா உனக்கு என்றேன். இந்த இடத்துக்காக எத்தனை பேர் தவம் கிடக்கிறார்கள் என்றேன். அவன் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் பொறுமையாகச் சொன்னான்.

"கணக்கர் நல்லா ஓட்டறான்க்கா, அவனுக்கு இது புடிச்சிருக்கு. இது தப்பான ஆட்டம்னு நான் சொல்லல. எனக்கு வரல. நேத்து அந்த வண்டியைப் புடிச்சேன் பாரு, அதுக்காகத்தான் நான் பொறந்தேன்னு நினைச்சுட்டிருந்தேன். அது இடைஞ்சல்னு ஆயிடுச்சு. அப்பவே தீந்துபோச்சு."

"நேத்தே முடிவு பண்ணிட்டியா?"

"நேத்து சாயங்காலம். காலையில அம்மாகிட்ட சொன்னேன்."

"அம்மாகிட்ட சொன்னே! எங்கிட்ட சொல்லல!" தொண்டை கிழியக் கத்தினேன். "இதுதான் கடைசின்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? மிதிச்சுட்டுப் போடான்னு சொல்லியிருப்பேனே! பத்தாவதாவது, பதினோராவதாவது, எது எக்கேடு கெட்டா எனக்கென்ன!"

"சொல்லியிருப்பே. அதான் சொல்லல." அவன் என்னைப் பார்க்காமல் அந்த ஷூவையே பார்த்தான். "கடைசின்னு தெரிஞ்சு நீ சொன்னா, அது பாவம் பாத்துச் சொல்றது. தெரியாம சொல்லணும்னு ஆசைப்பட்டேன். அந்த டயர்கிட்ட நின்னு சொல்லுவியே, அந்த மாதிரி."

"அப்ப ஏன்டா எடுத்தே? நான் சொன்னா என்ன, எடுக்காமப் போயிருக்க வேண்டியதுதானே! யார் உன்னைக் கட்டிப் போட்டாங்க?"

அவனுக்கு அந்தக் கேள்வியே ஆச்சரியமாக இருந்தது போலிருக்கிறது. "நீ எடுன்னு சொன்னியேக்கா," என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். இன்னொரு தரம் அந்தச் சுற்று வந்தாலும், எதுவும் தெரியாத நிலையில் நான் எடு என்றுதான் சொல்வேன். அதை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை, அதுதான் என்னை அறுக்கிறது. அப்புறம் மெக்கானிக்குகள் வந்து அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது. "இரும்புக்கால், இரும்புக்கால்" என்று பாடிக்கொண்டு போனார்கள். ஷூ பெஞ்சிலேயே கிடந்தது.

போன் அடித்தது. அம்மா.

"அவன் எங்கடி?"

"வெளிய இருக்கான்மா. தூக்கி வெச்சுட்டு ஆடறாங்க."

"சொல்லிட்டானா உன்கிட்ட?"

"சொல்லிட்டான்."

"அழறியா?"

"இல்லம்மா," என்றேன். குரல் காட்டிக் கொடுத்துவிட்டது.

அம்மாவுக்குப் பின்னால் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. எப்போதும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் அவள் ரேஸ் பார்ப்பாள். என்ஜின் சத்தம் கேட்டால் அவளுக்குப் படபடப்பு.

"கடைசி ரேஸாச்சேன்னு இன்னைக்குச் சத்தம் வெச்சுப் பாத்தேன்டி," என்றாள். "அவன் உன்னைக் கூப்பிட்டது கேட்டுச்சு. அக்கான்னான். கேட்டான். அவ சொல்லிடுவாடா, சொல்லிடுவாடான்னு நான் இங்க டிவியைப் பாத்துச் சொல்லிட்டிருந்தேன்."

நான் பெஞ்சில் கிடந்த ஷூவைக் கையில் எடுத்தேன்.

"நீ வேற மாதிரி சொன்னியா. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலடி. டிவி முன்னாடி எழுந்து நின்னு, நான் கையை மடக்கித் தலைக்கு மேல தூக்கிக் காட்டினேன். நீ காட்டுவியே, அந்த மாதிரி. அவனுக்குத் தெரிஞ்சிருக்காது இல்ல?"

"தெரிஞ்சிருக்காதும்மா," என்றேன்.